திறந்த உறவில் எல்லை வகுத்தல்: தென்னாப்பிரிக்கத் தமிழ்த் தம்பதியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கணவனும் மனைவியும் மனமொப்பி, ஒருவருக்கொருவர் தெரிந்தே, பிறரோடும் உடலுறவோ காதலோ கொள்ளலாம் என்று செய்துகொள்ளும் ஏற்பாட்டை இங்கே திறந்த உறவு என்று குறிப்பிடுகிறேன். தம்பதியர் சேர்ந்தே பிறரைச் சந்திக்கும் ஸ்விங்கிங், தனித்தனியே சந்தித்தாலும் காதல் வரை போகாமல் நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு, ஒன்றுக்கு மேற்பட்டவரைக் காதலிக்கவும் இடந்தரும் பாலிஅமோரி என்று அதில் பல வகை உண்டு. இது சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஏற்கெனவே இதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்ட தம்பதியர், எதை எந்த வரிசையில் பேசி முடிவு செய்ய வேண்டும் என்பதே இங்கு பொருள்.

இத்துறையில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை, பக்கத்து வீட்டாரின் பெயர்கூடத் தெரியாமல் பெருநகரங்களில் வாழ்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. டர்பன் வட்டாரத்தின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ மெர்பேங்கிலோ டொங்காட்டிலோ வாழும் தமிழ்க் குடும்பத்தின் நிலை வேறு. 1860 நவம்பரில் ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்த நாள் முதல் ஒரே வட்டாரத்தில் வாழ்ந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, நிறவெறி ஆட்சியின் குடியிருப்புச் சட்டத்தால் ஒரே பேட்டைகளில் மீண்டும் நெருக்கி வைக்கப்பட்ட சமூகம் இது. காவடித் திருவிழாவில் நின்று பார்த்தால் பாதிப் பேர் உறவினர், மீதிப் பேர் உறவினருக்கு உறவினர். ஆகவே, படுக்கையறையில் எது கூடும், எது கூடாது என்பதைக் காட்டிலும், யாருக்கு என்ன தெரியலாம் என்ற எல்லையே இங்கு அதிகக் கவனத்தைக் கேட்கிறது. இவ்வழிகாட்டியில் அதற்கு நிறைய இடம் ஒதுக்கியிருப்பதும் அதனால்தான்.

முதற்படி: தொடங்கலாமா என்று பார்த்தல்

எல்லைகளைப் பேசுவதற்கு முன், இருவரில் எவரும் விருப்பமின்றி இதற்குள் இழுக்கப்படவில்லை என்பது உறுதியாக வேண்டும். அதற்கு நான் பரிந்துரைப்பது ஒரே ஒரு கேள்வி: "வேண்டாம் என்று இன்றிரவு சொன்னால், நாளைக் காலை இந்த வீட்டில் என்ன மாறும்?" ஒன்றும் மாறாது, கொஞ்சம் ஏமாற்றம் இருக்கும், அவ்வளவுதான் என்பது விடையானால் மேலே பேசலாம். அவர் முகம் கொடுத்துப் பேசமாட்டார், வீட்டுச் செலவுக்குப் பணம் வராது, விட்டுப் போய்விடுவார் என்ற அச்சம் விடையில் எட்டிப் பார்த்தால், அங்கே கிடைக்கும் சம்மதத்தைச் சம்மதமாகக் கொள்ள முடியாது. வருமானம் முழுவதும் ஒருவர் கையில் இருக்கும் குடும்பங்களில் இந்தக் கேள்வியை இரண்டு மூன்று முறை, வெவ்வேறு நாள்களில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஏற்கெனவே விரிசல் கண்ட மணவாழ்க்கையை ஒட்டவைக்கும் மருந்தாக இதை நினைப்பவர்கள் உண்டு. ஒருவர் ரகசியமாகத் தொடங்கிவிட்ட உறவைப் பின்னர் ஏற்றுக்கொள்ளச் செய்யும் வழியாக இதைக் கொண்டுவருபவர்களும் உண்டு. இரண்டாவது வகையில், முதலில் அந்த ஏமாற்றுதலைப் பற்றித் தனியே பேசித் தீர்க்காமல் எல்லைப் பட்டியல் எழுத உட்காருவது வீண்வேலை. அடியும் மிரட்டலும் நடக்கும் வீட்டில் இந்தப் பேச்சே கூடாது. அங்கே முதலில் தேவைப்படுவது பாதுகாப்பு. பாலின வன்முறைக்கான அரசின் இலவசத் தொலைபேசி எண் 0800 428 428. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

குழந்தை பிறந்து சில மாதங்களே ஆன காலம், வேலை போன காலம், வீட்டில் துக்கம் நடந்து ஆண்டுத் திதி முடியாத காலம் ஆகியவற்றில் தொடங்காமல் தள்ளிப்போடுவதே நன்று.

இரண்டாம் படி: தனித்தனியே எழுதி, பிறகு ஒப்பிடுதல்

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே தாளில் எழுதத் தொடங்கினால், பேச்சுவன்மை உள்ளவரின் விருப்பமே தாளில் ஏறும். எனவே முதலில் தனித்தனியே எழுதுங்கள். எழுத வேண்டியது மூன்று குவியல்கள்: எனக்கு உறுதியாக வேண்டாதவை, எனக்குச் சம்மதமானவை, இன்னும் தெரியாதவை. மூன்றாவது குவியல் பெரிதாக இருப்பது இயல்பு. அதைக் கண்டு பொறுமையிழந்து, தெரியாதவற்றைச் சம்மதக் குவியலுக்குத் தள்ளிவிட வேண்டாம். தெளிவு வரும்வரை தெரியாதவை எல்லாம் வேண்டாதவையாகவே நடத்தப்படும் என்பதை இருவரும் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்து, எழுதியவற்றை வேறொரு விதமாகவும் பிரித்துப் பார்க்க வேண்டும். சில வரிகள் எழுதியவரின் உடலையும் நேரத்தையும் மனத்தையும் பற்றியவை: "ஆணுறை இல்லாமல் வேறொருவரோடு கூடியிருந்தால், சோதனை முடிவு வரும்வரை நான் உன்னோடு கூடமாட்டேன்." இதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை, சொன்னவரே கடைப்பிடிக்கலாம். வேறு சில வரிகள் இருவரும் சேர்ந்து கொடுக்கும் வாக்குறுதிகள்: "இந்த வீட்டுக்கு வேறு யாரையும் இரவில் அழைத்து வரமாட்டோம்." இவற்றுக்கு இருவர் ஒப்புதலும் வேண்டும், மாற்றவும் இருவர் ஒப்புதல் வேண்டும். மீதியுள்ளவை விருப்பங்கள்: "சந்திப்பு முடிந்து கிளம்பும்போது ஒரு செய்தி அனுப்பினால் எனக்கு நிம்மதியாக இருக்கும்." விருப்பத்தை மறுக்கலாம், மறுத்தால் அது துரோகம் ஆகாது. பெரும்பாலான சண்டைகள், விருப்பமாகச் சொல்ல வேண்டியதை வாக்குறுதி போலவும், வாக்குறுதியாகப் பேசி வாங்க வேண்டியதைக் கட்டளை போலவும் எழுதிவைப்பதால் வருகின்றன.

உணர்ச்சிக்கு விதி எழுதுவதில் பயனில்லை. "யாரையும் காதலிக்கக் கூடாது" என்ற வரி ஏறத்தாழ எல்லாத் தம்பதியரின் முதல் பட்டியலிலும் இடம்பெறும். அதைக் கடைப்பிடிப்பதும் கண்காணிப்பதும் இயலாத காரியம். அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் அச்சத்தை எடுத்து, செயலாக மாற்றி எழுதுங்கள்: ஒரே ஆளை வாரத்துக்கு எத்தனை முறை பார்க்கலாம், இரவு தங்கலாமா, சேர்ந்து ஊருக்குப் போகலாமா, பிடிப்பு கூடுவதாகத் தோன்றினால் அதை எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும். செயலை அளக்கலாம், மனத்தை அளக்க முடியாது.

ஒருதலைப்பட்சமான விதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "அவள் பெண்களைச் சந்திக்கலாம், ஆண்களைச் சந்திக்கக் கூடாது, நான் யாரையும் சந்திக்கலாம்" என்று சில கணவர்கள் கேட்பதுண்டு. மனைவி உண்மையிலேயே அதைத்தான் விரும்புகிறார் என்றால் தடையில்லை. அவர் விரும்பாத நிலையில் அந்த விதி சில மாதங்களில் கசப்பாக முடியும் என்பதே என் எண்ணம். பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான உறவை உறவாகவே மதிக்காத போக்கும் அதில் இருக்கிறது.

எழுதி முடித்ததும் ஒப்பிடும் நாள். வீட்டில் குழந்தைகள் உறங்கியபின் இரவு பதினொரு மணிக்கு, களைத்த கண்ணோடு பேசாதீர்கள். குழந்தைகளை அவ்வாவிடம் விட்டுவிட்டு, உம்லாங்கா கடற்கரை நடைபாதையிலோ வேறு திறந்தவெளியிலோ நடந்துகொண்டே பேசுவது பலருக்கு எளிதாக இருக்கிறது. முகம் பார்க்காமல் பேச முடிவதும், சுவருக்கு அப்பால் காது இல்லாததும் அதன் வசதிகள். சாட்ஸ்வர்த்தின் பழைய ஒட்டுவீடுகளில், நடுச்சுவருக்கு மறுபக்கம் நடக்கும் பேச்சு எவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்பது அங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாம் படி: யார் கூடாது

சுருக்கமாகச் சொல்வதானால்: இரத்த உறவும் சம்பந்தி உறவும் கூடாது, ஒரே கோயில் நிர்வாகத்தில் இருப்பவர் கூடாது, நேரடி மேலதிகாரியும் கீழ்ப் பணியாளரும் கூடாது, துணைவரின் நெருங்கிய நண்பர் அவரது முன்சம்மதம் இன்றிக் கூடாது, தம் துணைக்குத் தெரியாமல் வருபவர் எந்நிலையிலும் கூடாது. கடைசியாகச் சொன்னதைச் சிலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒப்புதலோடு நடக்கும் ஏற்பாட்டுக்குள் ஏமாற்றப்படும் நான்காவது மனிதர் ஒருவரைக் கொண்டுவருவது, ஏற்பாட்டின் அடிப்படையையே குலைக்கும்.

டர்பனில் இருப்பவர்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ, வேலை நிமித்தம் போகும் ஜொகானஸ்பர்க்கிலோ ஆள் தேடுவது உண்டு. தூரம் கொஞ்சம் காக்கும், முழுக்கக் காக்காது.

நான்காம் படி: யாருக்கு என்ன தெரியலாம்

இந்த எல்லை மூன்று திசையில் செல்கிறது. தம்பதியர் ஒருவருக்கொருவர் எவ்வளவு சொல்லிக்கொள்வது என்பது முதல் திசை. எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று தொடங்கி, கேட்க முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. எதுவுமே வேண்டாம் என்று தொடங்கி, தெரியாததைக் கற்பனையில் பெரிதாக்கி உறக்கம் இழப்பவர்களும் உண்டு. நடைமுறையில் நிலைப்பது நடுவழி: யாரை, எங்கே, எப்போது, பாதுகாப்புக் குறைவு ஏதும் நேர்ந்ததா ஆகிய நான்கும் கட்டாயம் சொல்லப்பட வேண்டும், மற்றவை கேட்டால் மட்டுமே. கேட்பவரும் "இதைக் கேட்டு என்ன செய்யப் போகிறேன்?" என்று தம்மைத் தாமே வினவிக்கொண்ட பிறகு கேட்பது நல்லது. வெளியே சந்திக்கும் அந்த மூன்றாமவரின் உடல், அவர் சொன்ன சொந்தக் கதை, அவர் அனுப்பிய செய்தி ஆகியவை அவருக்குரியவை. அவர் அனுமதி இன்றி அவற்றை வீட்டில் பகிர்வது அவருடைய எல்லையை மீறுவதாகும்.

இரண்டாம் திசை, வெளியுலகம். இங்கேதான் கசிவுகள் எதிர்பாராத இடத்திலிருந்து வருகின்றன. வாட்ஸ்அப்பை வீட்டுக் கணினியிலும் இணைத்துவிட்டு மறந்திருப்போம். பிள்ளை வீட்டுப்பாடம் செய்ய அதைத் திறப்பான். கைபேசிப் படங்கள் தாமாகவே குடும்பத் தொகுப்புக்குப் போகும்படி எப்போதோ அமைத்திருப்போம். பாட்டி வீட்டுத் தொலைக்காட்சியில் அது ஓடும். மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவச் செலவுத் திட்டக் கணக்கில் முதன்மை உறுப்பினர் மாமனாராகவோ தாயாராகவோ இருந்தால், எந்த ஆய்வகத்தில் என்ன சோதனை என்ற விவரம் அவருக்குப் போகும் அறிக்கையில் வரக்கூடும். கூட்டு வங்கிக் கணக்கில் விருந்தினர் விடுதியின் பெயர் வரும். காவலோடு கூடிய குடியிருப்புகளில் வாயிற்காவலர் வருகையாளரின் பெயரையும் வண்டி எண்ணையும் எழுதிக்கொள்வார். இவற்றை ஒரு மாலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, அறிவிப்பு முன்னோட்டத்தை அணைத்து, இணைந்துள்ள கருவிகளை நீக்கி, சோதனைக் கட்டணத்தைக் கையிலிருந்து செலுத்த முடிவு செய்வது, பத்து நாள் உருக்கமாகப் பேசுவதைவிடப் பயன் தரும்.

டேட்டிங் செயலிகளில் முகம் தெரியும் படம் போடலாமா என்பது தனிக் கேள்வி. செயலி காட்டும் தூரத்துக்குள் உங்கள் சித்தி மகனும் இருப்பான் என்று வைத்துக்கொண்டே முடிவு செய்யுங்கள். கைபேசித் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களுக்கு நம் பக்கம் தெரியாதபடி மறைக்கும் வசதி சில செயலிகளில் உண்டு. அந்தரங்கப் படங்களைப் பொறுத்தவரை என் பரிந்துரை கண்டிப்பானது: அனுப்பவே வேண்டாம். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் முகம், தாலி, பச்சை குத்தல், பின்னால் தெரியும் பூசை மாடம் எதுவும் படத்தில் இருக்கக் கூடாது. ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதமின்றிப் பகிர்வது 2020ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டப்படி குற்றம். அப்பிரிவு 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காமல், செய்திகளை அழிக்காமல், திரைப்பிடிப்பு எடுத்துக் காவல்நிலையத்துக்குப் போவதற்கு இச்சட்டம் துணை நிற்கும்.

மூன்றாம் திசை, குடும்பம். கேள்விகள் வரும் என்பதை எதிர்பார்த்து, சுருக்கமும் உண்மையும் கொண்ட ஒரு விடையை இருவரும் ஒன்றுபோலச் சொல்லும்படி தயார் செய்துகொள்ளுங்கள். "சனிக்கிழமை கூழ் ஊற்றும்போது தம்பியைக் காணோமே, எங்கே போனான்?" என்று பெரியம்மா கேட்டால், "நண்பரைப் பார்க்கப் போயிருக்கிறார் பெரியம்மா, ஞாயிறு வந்துவிடுவார்" என்பது போதும். பொய்க்கதை கட்டத் தொடங்கினால் அதை இருவரும் நினைவில் வைத்துக் காக்க வேண்டியிருக்கும். பொய் சொல்லும் சுமை எப்போதும் வீட்டில் இருப்பவர் தலையில் விழும்.

குழந்தைகளை ரகசியம் காக்கச் சொல்வது கூடாது. "அப்பாவிடம் சொல்லாதே", "பாட்டியிடம் சொல்லாதே" என்ற சொற்கள் ஒருமுறை பிள்ளையிடம் சொல்லப்பட்டால், வேறு எவரோ கெட்ட நோக்கத்தோடு அதே சொல்லைச் சொல்லும்போதும் பிள்ளை வாய்மூடி இருக்கப் பழகும். புதியவரைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வதானால் சாதாரண நண்பராக, நீண்ட காலம் நிலைத்த பிறகு, இருவர் ஒப்புதலோடு மட்டுமே.

கடைசியாக, செய்தி வெளியே தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். நம் சமூகத்தில் பழி பெண்மீதே ஏறும். கணவன் முன்மொழிந்த ஏற்பாடாக இருந்தாலும் "அவள் அவனைக் கெடுத்துவிட்டாள்" என்றே பேசப்படும். ஆகவே அவரவர் பெற்றோரிடம் அவரவரே பேச வேண்டும் என்பதையும், "இது எங்கள் இருவரின் முடிவு, மேற்கொண்டு விவரம் சொல்வதற்கில்லை" என்பதற்கு மேல் எவரிடமும் ஒரு வரிகூடக் கூடாது என்பதையும், கணவர் தம் தாயின் முன் மனைவியைத் தனியே நிற்கவிடமாட்டார் என்பதையும் வாக்குறுதியாகவே எழுத வேண்டும். இந்த வாக்குறுதியைத் தரத் தயங்குபவரோடு மேலே ஒரு படியும் போக வேண்டாம் என்று சொல்வேன்.

ஐந்தாம் படி: உடல்நலம்

இங்கே தெளிவற்ற சொற்களுக்கு இடமில்லை. "ஜாக்கிரதையாக இருப்போம்" என்பது எல்லை ஆகாது. யாரோடு, எந்த வகைக் கூடலுக்கு, எந்தப் பாதுகாப்பு என்பது வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். வாய்வழிக் கூடலுக்கும் சேர்த்தே.

டர்பன் அடங்கிய க்வாசுலு-நட்டால், எச்.ஐ.வி. பரவல் நாட்டிலேயே மிக அதிகமான மாகாணங்களில் ஒன்று என்பதைத் தமிழ்க் குடும்பங்கள் பிறர் பிரச்சினையாக நினைப்பது வழக்கம். கிருமிக்கு இனப்பிரிவு தெரியாது. அரசு மருத்துவ நிலையங்களில் எச்.ஐ.வி. சோதனை இலவசம், ஆணுறையும் இலவசம். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க முன்கூட்டியே நாள்தோறும் உட்கொள்ளும் பிரெப் தடுப்பு மாத்திரையும் அங்கே கிடைக்கிறது. ஆணுறை கிழிந்தாலோ வேறு ஆபத்து நேர்ந்தாலோ 72 மணி நேரத்துக்குள், ஆபத்துக்குப் பின் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் பெப் மருந்தைத் தொடங்கி 28 நாள் உட்கொள்ள வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு நன்று. அப்படி ஒரு நிகழ்ச்சி நேர்ந்தால் அன்றே வீட்டில் சொல்ல வேண்டும், சொன்னவரை அன்று குற்றம் சாட்டக் கூடாது என்ற இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள். இரண்டாவது பாதி இல்லாவிட்டால் முதற்பாதி நடக்காது.

சோதனையில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அரசு நிலையங்களில் பால்வினை நோய்களுக்கு அறிகுறியை வைத்தே சிகிச்சை தரும் முறை பின்பற்றப்படுகிறது. கிளமிடியா, கொனோரியா ஆகியவை அறிகுறி இல்லாமலே இருக்கக்கூடியவை என்பதால், "நிலையத்துக்குப் போனேன், ஒன்றுமில்லை என்றார்கள்" என்பது அவை இல்லை என்பதற்குச் சான்றாகாது; மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேட்டு, ஆய்வகத்தில் சிறுநீரோ பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியோ கொடுத்துச் சோதிக்க வேண்டும். தொற்று நேர்ந்து எவ்வளவு நாளானால் சோதனை அதைக் காட்டும் என்ற காலக்கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்: கிளமிடியாவுக்கும் கொனோரியாவுக்கும் ஏறத்தாழ 2 வாரம், ஆய்வகத்து நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. சோதனைக்கு 45 நாள், விரல்குத்தி விரைவுச் சோதனைக்கும் சிபிலிஸுக்கும் 3 மாதம் வரை. நேற்றைய சந்திப்புக்கு இன்றைய சோதனை விடை சொல்லாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருவரும் ஒரே வாரத்தில் சோதித்து, முடிவைத் தாளோடு காட்டிக்கொள்வது நல்ல வழக்கம்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி இந்நாட்டுக் குழந்தைகளுக்கு 1995இல்தான் வழக்கமாகப் போடத் தொடங்கினார்கள். அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் போட்டிருக்கமாட்டார்கள். வழக்கமான முறையில் 0, 1, 6ஆம் மாதங்களில் மூன்று ஊசி. எச்.பி.வி. (மனித பாப்பிலோமா கிருமி), ஹெர்பிஸ் ஆகியவை தோல் தொடர்பால் பரவுவதால் ஆணுறை அவற்றைக் குறைக்கும், முற்றாகத் தடுக்காது. மறுபுறம், எச்.ஐ.வி. உள்ளவர் முறையாக மருந்து உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி அளவு கண்டறிய முடியாத நிலையில் நீடித்தால், உடலுறவால் அவரிடமிருந்து அது பரவாது. அப்படிப்பட்ட ஒருவரை அச்சத்தால் ஒதுக்குவது எல்லைக்குள் வராது.

கருத்தடையைப் பற்றியும் முன்பே பேசுங்கள். மணமான பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தையின் தந்தை கணவரே என்று சட்டம் முதலில் ஊகிக்கும். மறுப்பவர் நிரூபிக்க வேண்டும். கரு உண்டானால் என்ன செய்வது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருக்குமானால், அது இப்போதே தெரிய வேண்டும். இறுதி முடிவு பெண்ணுடையது. முதல் 12 வாரத்துக்குள் அவர் கோரிக்கையின் பேரிலேயே கருக்கலைப்புச் செய்ய 1996ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது.

ஆறாம் படி: பணமும் சட்டமும்

1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி பதிவான மணம் ஒருவருக்கு ஒருவர் என்ற மணமே. 2006ஆம் ஆண்டுக் குடிமை இணைவுச் சட்டமும் இருவருக்கு மட்டுமே. பல மனைவியரை ஏற்கும் 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஆப்பிரிக்க மரபுத் திருமணங்களுக்கானது. தமிழர் கோயில் திருமணத்துக்குப் பொருந்தாது. ஆகவே, மூன்றாமவர் எத்தனை ஆண்டு உடனிருந்தாலும் கணவன் மனைவி என்ற சட்டத் தகுதி அவருக்கு வராது. அவருக்கு ஏதேனும் விட்டுச் செல்ல விரும்பினால் உயில் எழுத வேண்டும்.

தம் துணையோடு உறவுகொண்ட வெளியாள்மீது நட்டஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமையை அரசியலமைப்பு நீதிமன்றம் 2015இல் முடிவுக்குக் கொண்டுவந்தது. என்றாலும் 1979ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டத்தில், பிறர் உறவு மணமுறிவுக்கான சான்றுகளில் ஒன்றாக இன்னும் இருக்கிறது; கடுமையான தவறு நடந்ததா என்பது சொத்துப் பயனை இழக்கச் செய்யும் கோரிக்கையிலும் எடுத்துப் பார்க்கப்படும். இருவரும் ஒப்புக்கொண்டே செய்தோம் என்பதைக் காட்டத் தேதியிட்ட ஓர் எழுத்து உதவலாம். அது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். சொத்துப் பெரிதாக இருந்தால் வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மணத்துக்கு முன் தனி ஒப்பந்தம் பதிவு செய்யாதவர்களுக்கு வரவும் கடனும் பொதுச் சொத்தே. வெளியே வாங்கிக் கொடுக்கும் பரிசும் விடுதி வாடகையும் பாதி மனைவியின், அல்லது பாதி கணவரின் பணம். மாதத்துக்கு ஒரு தொகையை இருவருக்கும் சமமாக ஒதுக்கி, அதற்குமேல் கேட்காமல் செலவழிப்பதில்லை என்று முடிவு செய்தால் இவ்விஷயம் அடங்கிவிடும்.

ஏழாம் படி: நேரம், வீடு, விரத நாள்கள்

நாள்காட்டியை முன்வைத்து, முதலில் தொடக்கூடாத நாள்களைக் குறியுங்கள்: திருமண நாள், பிள்ளைகளின் பள்ளி நிகழ்ச்சிகள், துணைவரின் பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் நாள். காவடி எடுப்பதற்கான விரத நாள்களும் புரட்டாசி மாதமும் நம்மில் பல வீடுகளில் ஏற்கெனவே புலாலும் உடலுறவும் விலக்கிய காலம். அவ்விரதம் வெளி உறவுக்கும் பொருந்துமா என்பதைப் பக்தி குறைந்தவர் தாமாக முடிவு செய்யாமல், விரதம் இருப்பவரிடம் கேட்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை இயல்பாக வரும் அந்த இடைவேளையை ஏற்பாட்டைத் திரும்பிப் பார்க்கும் காலமாகப் பயன்படுத்துவது எனக்கு மிகப் பிடித்த யோசனை.

தம்பதியரின் படுக்கையை வேறு யாரோடும் பகிர்வதில்லை என்பதைப் பெரும்பாலோர் விரும்புவர். பெற்றோர் அதே வளாகத்தின் பின்வீட்டில் இருந்தால், இரவு விருந்தினர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எட்டாம் படி: திரும்பி வரும் இரவு

பொறாமை வராது என்று எவரும் வாக்குக் கொடுக்க முடியாது. அது வரும்போது என்ன செய்வது என்பதைத்தான் பேசிவைக்க முடியும். மிகக் கடினமான நேரம், ஒருவர் வெளியே இருக்கும் மூன்று நான்கு மணி நேரமும், அவர் கதவைத் திறந்து உள்ளே வரும் முதல் அரைமணியும். வீட்டில் இருப்பவருக்கு அந்த மாலையில் ஒரு திட்டம் இருக்க வேண்டும். கைபேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதைத் திட்டம் என்று சொல்ல முடியாது. சொன்ன நேரத்துக்கு வருவது முதல் விதி. அரைமணி தாமதம் என்றால் ஒரு செய்தி. வந்தவரிடம் "குளித்துவிட்டு வாங்க, தேநீர் போடுகிறேன், மற்றதை நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லும் வழக்கத்தை ஒரு மனைவியோ கணவரோ ஏற்படுத்திக்கொண்டால், கேள்விக்கணைகள் அந்த இரவில் பாயாமல் இருக்கும்.

நிறுத்தும் உரிமை இருவருக்கும் உண்டு: "இடைநிறுத்தம்" என்று ஒருவர் சொன்னால், புதிய சந்திப்புகள் அன்றே நிற்க வேண்டும், காரணம் ஒரு வாரத்துக்குள் பேசப்பட வேண்டும். ஆயினும் மாதக்கணக்கில் வளர்ந்துவிட்ட ஓர் உறவை ஒரே சொல்லில் வெட்டச் சொல்லும் அதிகாரம் வேறு. அதைத் தொடக்கத்திலேயே கொடுத்து வைப்பவர்கள், பயன்படுத்தும் நாளில் வெட்டப்படுவது ஒரு மனிதர் என்பதை உணர்கிறார்கள்.

ஒன்பதாம் படி: மூன்றாமவரிடம் சொல்லுதல்

முதல் சந்திப்பிலேயே, உடல் நெருக்கத்துக்கு முன், அவரைப் பாதிக்கும் எல்லைகள் அனைத்தும் அவருக்குச் சொல்லப்பட வேண்டும்: மணமானவர் என்பது, துணைவருக்குத் தெரியும் என்பது, இரவு தங்க முடியாது என்பது, குடும்ப நிகழ்ச்சியில் அறிமுகம் செய்ய இயலாது என்பது, இடைநிறுத்தம் எந்நாளும் வரலாம் என்பது. அவர் அவற்றை மறுத்து எழுந்து போகலாம். தம் எல்லைகளையும் வைக்கலாம். துணைவருக்கு உண்மையில் தெரியுமா என்று நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்ள அவர் விரும்பினால், அது நியாயமான கோரிக்கையே.

பத்தாம் படி: மீறலும் மறுபார்வையும்

எல்லை மீறப்படும்போது முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, நடந்ததை அவரே வந்து சொன்னாரா, நீங்கள் கண்டுபிடித்தீர்களா என்பதை. தாமாகச் சொன்ன தவறுக்கும் மறைத்த தவறுக்கும் ஒரே எதிர்வினை காட்டினால், அடுத்த முறை எவரும் சொல்லமாட்டார்கள். உடல்நலம் சார்ந்த மீறலானால் பேச்சுக்கு முன் மருத்துவம். மற்றவற்றில், இடைநிறுத்தம் அறிவித்துவிட்டு, எந்த வரி மீறப்பட்டது, அந்த வரி தெளிவாக எழுதப்பட்டிருந்ததா, கடைப்பிடிக்கக்கூடியதாக இருந்ததா என்று பாருங்கள். ஒரே வரி இரண்டாம் முறையும் மறைத்து மீறப்பட்டால், வரியைத் திருத்துவதில் பயனில்லை.

வெளியாள் உதவி தேவையானால், குடும்பப் பெரியவரிடமோ கோயில் தலைவரிடமோ போக வேண்டாம். அவர்கள் நல்லவர்களாக இருக்கலாம், ஆனால் தொழில்முறையில் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர். நாட்டின் சுகாதாரத் தொழில்முறைப் பேரவையில் பதிவுபெற்ற உளவியலாளருக்கு அக்கடமை உண்டு. முதல் தொலைபேசி அழைப்பிலேயே, திறந்த உறவில் இருக்கும் தம்பதியரோடு பணியாற்றிய அனுபவம் உண்டா என்று கேளுங்கள். தயங்கினால் அடுத்தவரை அழையுங்கள்.

முதல் ஆறு மாதம் மாதந்தோறும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சோதனை முடிவு வரும் வாரத்திலேயே உட்கார்ந்து பட்டியலைப் படியுங்கள். தெரியாதவை என்ற குவியலிலிருந்து எது எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பாருங்கள். ஏற்பாட்டையே மூடிவிடலாம் என்பதும் ஒவ்வொரு முறையும் பேசப்பட வேண்டிய ஒரு விடை. அதைச் சொல்பவர் தோற்றவர் ஆகார். மாற்றம் எதுவானாலும், அதனால் பாதிக்கப்படும் மூன்றாமவருக்கு அதே வாரத்தில் நேரில் தெரிவித்துவிடுங்கள். பட்டியலின் பழைய பிரதிகளைக் கைபேசி, மின்னஞ்சல், மேகச் சேமிப்பு என்று எல்லா இடத்திலிருந்தும் நீக்கி, தேதியிட்ட கடைசிப் பிரதியைக் கடவுச்சொல் இட்டு ஒரே இடத்தில் வையுங்கள்.